தக்காளி சாஸில் பென்சோயேட் போதவில்லை, சார்பேட்டுக்கு மாறலாமா?

வணக்கம். உணவுப் பதப்படுத்தலில் அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

நான் தயாரிக்கும் தக்காளி சாஸின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய புளிப்பு கூடும்) 4.4. கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளை அனுமதித்த அளவுக்குள் சேர்க்கிறேன். இருந்தும் சில பாட்டில்களின் மூடி உப்பி, திறந்ததும் புஸ்ஸென்று காற்று வருகிறது; புளித்த வாடை வேறு. ஈஸ்ட்டாகத்தான் இருக்க வேண்டும்.

பென்சோயேட் சாஸில் பென்சாயிக் அமிலமாகவும், சார்பேட் என்ற இன்னொரு பதப்பொருள் சார்பிக் அமிலமாகவும் வேலை செய்யும். இவற்றில் அயனியாகப் பிரியாத அமில மூலக்கூறுதான் நுண்ணுயிரின் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே பி.எச். நடுநிலையை ஒட்டி இருப்பதால் அங்கே பிரிந்து புரோட்டான்களை விடும். அவற்றை வெளியேற்றியே செல் ஓய்ந்துபோகும். பென்சாயிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலத்தில் பாதி பிரிந்தும் பாதி பிரியாமலும் நிற்கும் பி.எச்.) 4.2. கணக்குப் போட்டால் என் சாஸில் அது 39 சதவீதம்தான் பிரியாமல் நிற்கும். சார்பிக் அமிலத்துக்கு 4.76 என்பதால் கிட்டத்தட்ட 70 சதவீதம்!

பொட்டாசியம் சார்பேட்டுக்கு மாறுவதா, சிட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 3.8க்கு இறக்குவதா? இறக்கினால் பென்சோயேட்டே போதும் போலிருக்கிறது, ஆனால் புளிப்பு தூக்கலாகிவிடுமே. சைகோசாக்கரோமைசஸ் பெய்லி என்ற ஈஸ்ட் பென்சாயிக், சார்பிக் இரண்டு அமிலங்களையும் தாங்கி வளரும். என் பாட்டிலில் இருப்பது அதுதானா என்று அறிய ஆய்வகத்தில் என்ன சோதனை கேட்க வேண்டும்?

விடை தெரியும்வரை விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.