புதுப்பிப்பு: புது டியூப்லைட் பழையதைவிட மங்கலாக எரிந்ததற்குக் காரணம் கிடைத்தது

ஐந்தாண்டு உழைத்த டியூப்லைட்டுக்குப் பதிலாக அதே 36 வாட்டில் புதியது மாட்டியும் கூடத்தில் வெளிச்சம் குறைந்துவிட்டதே என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சிலர் சொன்னபடி சோக்கையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. இரவில் மின்னழுத்தமும் 228 வோல்ட் என்று சரியாகவே இருந்தது. பலன் தந்தது, குழாயின் ஓரத்தில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள் என்ற யோசனைதான். புதியதில், உலோக மூடியை ஒட்டி, பொடி எழுத்தில் 765 என்றிருந்தது. பரணில் கிடந்த பழையதிலோ 865.

முதல் இலக்கம் பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதையும், அடுத்த இரண்டும் 6500 கெல்வின் என்ற ஒளியின் நிறத்தையும் குறிக்கின்றன. 7 என்று தொடங்குவது பழைய வகைப் பாஸ்பர் பூச்சு (குழாயின் உட்புறம் பூசிய, ஒளிரும் பொடி), ஏறத்தாழ 2,500 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும். 8 என்று தொடங்குவது மூன்று பாஸ்பர்கள் கலந்த பூச்சு, அதே 36 வாட்டில் ஏறத்தாழ 3,250 லூமன் தரும். கடையில் விலை குறைந்ததைக் கேட்டதால் முதல் வகையைக் கொடுத்திருக்கிறார்கள். 865 தேடி வாங்கி மாட்டியபின், ஊசியில் நூல் கோக்க அம்மா வாசலுக்குப் போவதில்லை.

எதிர்பாராதது ஒன்று: குழாயை மாட்டும் பட்டியின் வெள்ளைப் பரப்பில் படிந்திருந்த பிசுக்கை ஈரத்துணியால் துடைத்ததும், 765 குழாயே கண்ணுக்குத் தெரியும்படி தெளிந்தது. துடைக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மேலும், புதுக் குழாய் முதல் 100 மணி நேரத்தில் சற்று மங்குவது இயல்பு. லூமன் மதிப்பை அதன் பிறகே அளக்கிறார்கள்.