மறு: 'சமூக வலுவூட்டல்' வேண்டாம், 'உங்கொட்டல்' என்று வைக்கலாம்

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நம் அகராதிக்கு எதற்குப் பேர் தேடுகிறோம் என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஒருவர் பேசுகிறார். எதிரில் இருப்பவர் சில இடத்தில் தலையசைக்கிறார், சிரிக்கிறார், "ஆமா" என்கிறார். சில இடத்தில் சும்மா இருந்துவிடுகிறார். நாளாக ஆக, பேசுகிறவரின் பேச்சு அந்தத் தலையசைப்பு கிடைத்த பக்கமாகவே சாய்ந்துவிடுகிறது. இதுதான் விஷயம்.

> பாடநூலில் இருக்கும் 'வலுவூட்டல்' முன்னால் 'சமூக' சேர்த்தால் போதுமே. புதுச்சொல் எதற்கு?

ஒரு செயலுக்குப் பின்னால் வரும் விளைவால் அந்தச் செயல் உறுதிப்படுவதைத்தான் பாடநூல் 'வலுவூட்டல்' என்கிறது. உளவியல் வகுப்புக்குள் சரி. வெளியே வந்தால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறது. கட்டட வேலையில் கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டுக்கு அதுதான் பேர். இலங்கைத் தமிழில் 'பெண்களை வலுவூட்டல்' என்றால் அதிகாரம் பெறச் செய்தல். 'சமூக வலுவூட்டல்' என்று பத்திரிகையில் போட்டால் மகளிர் குழுக் கூட்டம் என்றுதான் படிப்பார்கள்.

'எதிர்மறை வலுவூட்டல்' அதைவிட மோசம். கேட்ட மாத்திரத்தில் தண்டனை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். போன வாரம் தென்காசி பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு பிள்ளை செல்போன் கேட்டு அழுதது. ஆலங்குளம் வரை பொறுத்த அம்மா, கடைசியில் கொடுத்துவிட்டாள். அழுதால் போன் வரும் என்று பிள்ளை படித்தது. கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மா படித்தாள். அம்மா பக்கம் நடந்ததுதான் எதிர்மறை வலுவூட்டல். தொல்லை விலகியதால் ஒரு செயல் உறுதிப்படுவது. அதில் தண்டனை எங்கே இருக்கிறது?

> 'மறைமுகக் கட்டுப்பாடு' என்று வைப்போம்.

இதையும் நான் ஏற்கமாட்டேன். கட்டுப்பாடு என்றதும் கட்டுப்படுத்துகிற ஒரு ஆள் வந்து நின்றுவிடுகிறார். பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை.

சின்ன வயதில் ராத்திரி சாப்பிட்டதும் தார்சாவில் (வீட்டுத் தாழ்வாரத்தில்) பாயை விரித்து ஆச்சியைச் சுற்றிப் படுத்துக்கொள்வோம். கதை நடக்க வேண்டுமானால் நாங்கள் 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதை நிற்கும். "ஏலே, முழிச்சிருக்கியளா, தூங்கிட்டியளா?" என்று இருட்டில் கேட்பாள். ராசா கதைக்கு எங்கள் உம் தூக்கக் கலக்கத்தில் இழுபடும். ஆற்றுக் கசத்தில் (ஆழமான மடுவில்) முனி இருக்கிற கதை வந்தால் நாலு பேரும் ஒரே குரலில், சுறுசுறுப்பாக. அந்தக் கோடை லீவு முடிவதற்குள் ராசாக்கள் எல்லாம் காணாமல் போய்விட்டார்கள். ஆச்சி எடுத்த எடுப்பிலேயே கசத்தில்தான் தொடங்கினாள். நாங்கள் அப்படித் திட்டம் போடவில்லை. அவளும் கவனித்திருக்கமாட்டாள். ஏழு வயதுப் பிள்ளைகள் எழுபது வயது ஆச்சியின் கதையையே திருப்பிவிட்டோம். நம் சொல் இதற்குப் பொருந்த வேண்டும். அதிகாரம் இருக்கிறவர்தான் செய்வார் என்ற வாசம் அதில் வரக்கூடாது.

ஆராய்ச்சிக்காரர்கள் பிடித்ததும் இதே உம்மைத்தான். 1955-ல் கிரீன்ஸ்பூன் என்பவர் ஆட்களை வாய்க்கு வந்த சொற்களைச் சொல்லச் சொன்னார். பன்மைச் சொல் வரும்போது மட்டும் "ம்-ஹ்ம்" என்றார். பன்மைச் சொற்கள் கூடின. அதே ஆண்டு வெர்பிளாங்க் என்ற இன்னொரு ஆய்வாளர், சாதாரணப் பேச்சுக்கு நடுவே 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்ற மாதிரி வாக்கியங்களை மட்டும் தன் மாணவர்களை ஆமோதிக்கச் செய்து பார்த்தார். அவர்களோடு பேசிய 24 பேரில் எல்லோருக்கும் அவ்வகை வாக்கியங்கள் கூடின. ஆமோதிப்பை நிறுத்தியதும் 21 பேருக்குக் குறைந்தன. மாணவர்களை வைத்து எடுத்த இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று 1961-ல் வேறு சிலர் கேள்வி எழுப்பினார்கள். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

> எங்க பக்கம் 'மாட்டை வசக்குதல்' என்பார்கள். 'வசக்கல்' நல்ல நாட்டுச்சொல்.

அண்ணாச்சி, இந்தச் சொல்லைப் பார்த்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். தாத்தா இளங்காளையை வசக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பழகின மாட்டோடு ஜோடி சேர்ப்பார். முதலில் வெறும் நுகம், அப்புறம் இழுக்க ஒரு கட்டை, அப்புறம் ஏர். உளவியலாளர் ஸ்கின்னர் புறாவைச் சுற்ற வைத்ததும் இதே வரிசைதான்: கொஞ்சம் திரும்பினால் தீனி, அப்புறம் பாதிச் சுற்றுக்கு, அப்புறம் முழுச் சுற்றுக்கு மட்டும். ஆகவே, இலக்கை மனதில் வைத்துப் படிப்படியாகப் பழக்குவதற்கு 'வசக்கல்' என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தாத்தா கையில் தார்க்குச்சி இருந்தது. ஆச்சியைச் சுற்றிப் படுத்திருந்த எங்களிடம் ஒன்றும் இல்லை.

என் பரிந்துரை இதுதான்: எதிரில் இருப்பவர் தரும் அந்தச் சின்ன ஆமோதிப்புக்கு 'உங்கொட்டல்'. உம், கொட்டு இரண்டையும் சந்தி சேர்த்தது, விளக்கமே தேவைப்படாது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் போடும் "ஆமா"வும் இதில் அடங்கும். அதனால் ஏற்படும் மாற்றத்துக்குப் 'படிமானம்'. ஆற்றில் வண்டல் படிகிறது, எண்ணெய் தேய்த்த முடி படிகிறது, புது வேலையில் கை படிகிறது. யார் படிய வைத்தார் என்று இந்த வினை கேட்பதே இல்லை. வேண்டுமென்றே செய்பவர் ஒருவர் இருந்தால் 'படிவித்தல்' என்று பிறவினையாக்கிக்கொள்ளலாம். 'படிப்பித்தல்' (ஈழத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தல்) என்று யாராவது வாசித்துவிடுவார்களோ என்ற கவலை மட்டும் இருக்கிறது. ஈழத்து நண்பர்கள் சொல்லுங்கள்.

'ஒத்து ஊதல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் ஏளனம் ஏறிவிட்டது, விட்டுவிடுவோம்.

அகராதிக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், திருத்துங்கள்:

உங்கொட்டுப் படிமானம்: பிறர் இயல்பாகத் தரும் ஆமோதிப்பும் அது கிடைக்காமல் போவதும் சேர்ந்து, ஒருவரின் பேச்சையோ செயலையோ, இருவரும் அறிந்தோ அறியாமலோ, ஒரு பக்கமாகப் படிய வைப்பது.

உம் நின்ற பிறகு அந்தப் பழக்கம் மெல்லக் குறைவதற்கும் ஒரு சொல் வேண்டும். 'தணிதல்' என்று குறித்திருக்கிறேன். எப்போதாவது கிடைக்கும் உம்மால் வந்த பழக்கம் தணிய அதிக நாளாகும் என்பதால், 'அணைதல்' என்பதைவிட இது பொருத்தமாகப் படுகிறது. அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் இதற்கு வேறு வழக்கு இருந்தால் எழுதுங்கள்.