வெயிட்டிங் லிஸ்டில் 14-வது பெயர், இனி என்ன செய்யலாம்?

மஞ்சூர்ப் பெண்:
எல்லாருக்கும் வணக்கம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் கேட்டிருந்தேன். கவுன்சிலிங்கில் என் முறை வருவதற்குள் இடம் முடிந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் 14-வது பெயர் என்றார்கள். குன்னூரில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள். அம்மா கொழுந்து பறிக்கிறார், இரண்டு இடத்திலும் கட்ட முடியாது. காத்திருக்கலாமா? ஊட்டி இடம் கிடைக்க நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

கோத்தகிரி அக்கா:
தங்கச்சி, முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள். அந்த 14 மொத்தப் பட்டியலிலா, உன் இனப் பிரிவிலா? நம் மாநிலத்தில் 69 சதவீத இடங்கள் பிரிவுவாரியாகத்தான் போகின்றன. மொத்தத்தில் 14-வதாக இருப்பவள் தன் பிரிவில் மூன்றாவதாகக்கூட இருக்கலாம். உன் பிரிவில் கடைசியாக எந்த ரேங்க் வரை கூப்பிட்டார்கள் என்றும் கேள்.

தாவரவியலில் சேர்ந்தவர்களில் பலர் விவசாயம், நர்சிங், பார்மசி எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்திருப்பார்கள். அந்தக் கவுன்சிலிங் நடக்க நடக்க இங்கே டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள். இடம் காலியாவது அப்போதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நானும் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவள்தான். எங்கள் எஸ்டேட் லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) டவர் கிடைக்காது, மேலே பாறைக்கு ஏறினால்தான் இரண்டு கோடு வரும். சாயங்காலம் ஏறிப் பார்த்தால் கல்லூரி எண்ணிலிருந்து இரண்டு மிஸ்டு கால். மறுநாள் முதல் பஸ்ஸில் போய் நின்றேன். அடுத்த ரேங்க் பெண் முந்தின நாள் மதியமே சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு அழுதுகொண்டே சேரிங் கிராஸ் வரை நடந்தேன். அப்புறம் ஊட்டியில் இருக்கும் சித்தி எண்ணை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். வாரம் ஒரு நாள் நேரிலும் போய்க் கேட்டேன். அடுத்த இடம் காலியானபோது போன் சித்திக்குத்தான் போனது, அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

அதனால் டவர் உள்ள இடத்தில் இருக்கும் ஒருவர் எண்ணை இன்றே கொடு. டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், போட்டோ, சேர்க்கைக் கட்டணம் எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வை. குந்தா பக்கத்து மழை உனக்குத் தெரியும். என் டி.சி.யில் சீல் மை கரைந்து, அந்த எழுத்தர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

குன்னூர் இடத்தை விட்டுவிடாதே, ஒரு வருடம் வீணாகக் கூடாது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேள்: பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ஒரிஜினல் டி.சி.யை எத்தனை நாளில் தருவார்கள்? பதிலை எழுத்தில் வாங்கு. டி.சி. அங்கே மாட்டிக்கொண்டால் ஊட்டியில் கூப்பிட்டும் பயனில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்:
அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் சேர்ப்பது இரண்டுதான். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருந்து மதிப்பெண் கூடினால், அன்றே கல்லூரியில் கொண்டுபோய்க் காட்டம்மா. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அரசுக் கல்லூரியில் ரேங்க்படிதான் கூப்பிடுவார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால், குன்னூரில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அம்மாவிடம் அதைச் சொல்.

மஞ்சூர்ப் பெண்:
அக்கா, இன்று நேரில் போய்க் கேட்டேன். 14 என்பது மொத்தப் பட்டியலில்தான், என் பிரிவில் நான் நான்காவது! ஊட்டி மார்க்கெட்டில் காய்க்கடை வைத்திருக்கும் மாமா எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். நாளைக்குக் குன்னூர் போய் டி.சி. பற்றிக் கேட்கிறேன். ஐயா, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். அம்மாவிடம் சொன்னேன்.