வார்டில் பின்னூட்டம் தர ஒரு பக்கத் தாள் இருக்கிறதா?

சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். 2019-இல் வந்த திறன்சார் பாடத்திட்டத்தின்படி, மாணவர் நோயாளியிடம் பேசும் விதத்தையும் நாங்கள் கவனித்துச் சொல்ல வேண்டும். சிக்கல் அங்கேதான். கற்பிக்கும் முறை பற்றிய தேசிய மருத்துவ ஆணையத்தின் அடிப்படைப் பயிற்சியை முடித்த ஆசிரியர்கள்கூட "பரவாயில்லை, நல்லா பண்ணு" என்பதோடு சரி.

மருத்துவர் நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்லும் கால்கரி-கேம்பிரிட்ஜ் வழிகாட்டியைத் தமிழாக்கினோம். எழுபதைத் தாண்டும் குறிப்புகள்; ஓ.பி. நெரிசலில் யாரும் தொடவில்லை. நடித்துப் பழகவும் வைத்தோம். அதில் தேறிய மாணவரிடம் ஏற்காட்டுப் பாட்டி ஒருவர், "விடியலிலேயே காப்பித் தோட்டத்துக்குப் போயிடறேன், மாத்திரை போட முடியல சாமி" என்றார். மாணவரோ நிமிர்ந்தும் பாராமல், "சுகர் எத்தனை வருசமா?" என்று அடுத்த கேள்விக்குப் போனார். பக்கத்தில் நின்ற ஆசிரியருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஐந்து நிமிடத்தில் நிரப்பக்கூடிய தமிழ் மதிப்பீட்டுத் தாள் எதையாவது உங்கள் கல்லூரியில் பயன்படுத்துகிறீர்களா?