தெங்காவுக்கு இந்த டிஸ்க் பெட்டிகளைத் தூக்கிப் போகவா, வேண்டாமா?

பிடோக்வாசி: அடுத்த மாதம் சிங்கப்பூரின் புதுப்பேட்டையான தெங்காவில், பதிவு செய்த பிறகு கட்டித் தரும் பிடிஓ அரசு வீட்டுக்குக் குடிபோகிறோம். லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் வாங்கிச் சேர்த்த டிவிடி, புளூரே மூன்று பெட்டி இருக்கிறது. "பாம் ஷெல்டர் அறையில் அரிசி வைக்கவே இடமில்லை, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்கிறாள் மனைவி. எனக்கும் டிஸ்க் காலம் முடிந்துவிட்டது என்றுதான் படுகிறது. ஓப்போ நிறுவனம் 2018-லேயே புளூரே பிளேயர் தொழிலை விட்டது. நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் தபாலில் டிவிடி அனுப்புவதை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இனி எதற்கு?

பொங்கோல்_ராஜா: அவசரப்படாதீர்கள் அண்ணே. 4கே என்கிற மிகத் துல்லியமான புளூரே டிஸ்க்கில் படத் தகவல் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் போகலாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்குக் கேட்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான். இருட்டுக் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் கறுப்பு திட்டுத் திட்டாக நிற்கும், டிஸ்க்கில் அந்தத் தொல்லை இருக்காது.

யீஷூன்_அக்கா: சரி தம்பி, தமிழ்ப் படம் எத்தனை 4கே டிஸ்க்கில் வந்திருக்கிறது? நீங்கள் பேசுவது ஆங்கிலப் படக் கணக்கு. என்னிடம் இருப்பதெல்லாம் ஒரே டிவிடியில் மூன்று படம் திணித்தது. இரண்டு அடுக்கு டிவிடி என்றாலே 8.5 ஜிபிதான். அதை மூன்றாகப் பங்கு போட்டால் கதாநாயகி முகம் கோலமாவு கொட்டியது போலத்தான் தெரியும்.

பொங்கோல்_ராஜா: அது டிவிடி அடித்து விற்றவர்கள் செய்த கூத்து அக்கா, டிஸ்க் என்ன செய்யும்? அம்மாவுக்குப் பிடித்த பழைய படம் ஒன்று பொங்கலுக்கு ஒரு ஆப்பில் இருந்தது, தீபாவளிக்குத் தேடினால் காணோம். உரிமம் முடிந்ததாம். மாதாமாதம் காசு மட்டும் சரியாகப் போகிறது. கடைசியில் அலமாரியிலிருந்த டிவிடியைத் தூசி தட்டிப் போட்டோம்.

பிடோக்வாசி: தூசி என்றால் தட்டிவிடலாம். நேற்று ஒரு டிஸ்க்கை விளக்குக்கு நேரே பிடித்தேன். ஓரமெல்லாம் பழுப்புக் கறை, நடுவில் ஊசி குத்தியது போல் ஒளி வருகிறது. பிளேயர் இழுக்கிறது, உள்ளே கரகரக்கிறது, 'நோ டிஸ்க்' என்று தட்டை வெளியே நீட்டுகிறது.

யீஷூன்_அக்கா: ரீஜன் பூட்டுக் கூத்தை விட்டுவிட்டீர்களே! ஒரு வட்டாரத்துக்கு அடித்த டிஸ்க் இன்னொரு வட்டாரத்து பிளேயரில் ஓடாது. புளூரேயில் நமக்கு ஏ, இந்தியாவுக்கு சி. சென்னையிலிருந்து அண்ணன் வாங்கி வந்தது இங்கே ஓடவே இல்லை. இப்போது அதன்மேல்தான் தே தாரிக் வைக்கிறேன்.

பொங்கோல்_ராஜா: 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டே கிடையாது அக்கா.

பிடோக்வாசி: அதெல்லாம் இருக்கட்டும், உன் பிளேயர் கெட்டுப்போனால் என்ன செய்வாய் ராஜா?

பொங்கோல்_ராஜா: பழைய பொருள் விற்கும் கேரசல் ஆப்பில் பழைய மாடல் இன்னொன்று வாங்கிப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

யீஷூன்_அக்கா: நல்ல எதிர்காலம்!

பிடோக்வாசி: புளூரே பெட்டி என்னோடு வரட்டும், மனைவியிடம் பேசிக்கொள்கிறேன். டிவிடி இரண்டு பெட்டியும் சனிக்கிழமை காலை புளோக் கீழே திறந்த தரைத்தளத்தில், அதுதான் வாய்ட் டெக்கில், இருக்கும், தள்ளுவண்டி கொண்டு வா ராஜா. மூன்று படம் திணித்ததும் அதில் உண்டு, திருப்பி மட்டும் தராதே.