இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி ஓட்டிய கார், உண்மையில் இல்லையாம். இனி என்ன ஆகும்?

சூலூர்க்காரன்:

வணக்கம். கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடை) செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் எடுத்தேன். ஆர்சி என் பெயருக்கு மாறிவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது இன்சூரன்ஸ் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. "நானே போட்டுத் தர்றேன் சார், நமக்கு ஆள் இருக்கு" என்று கன்சல்டிங்காரர் சொன்னதை நம்பி ஜிபேயில் பணம் அனுப்பினேன், மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. கம்பெனி சின்னம், வண்டி நம்பர், என் பெயர், பிரீமியம் தொகை எல்லாம் அதில் இருந்ததால் பிரின்ட் எடுத்து வண்டியிலேயே வைத்துவிட்டேன்.

போன வாரம் வெள்ளக்கோவில் தாண்டி சோதனையில் நிறுத்தினார்கள். நம்பரைத் தட்டிப் பார்த்த எஸ்ஐ, இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதம் ஆகிறது என்றார். நான் பிரின்ட்டை நீட்ட, "இது கொட்டேஷன் தம்பி, பாலிசி இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 2,000 ரூபாய் சலான். கன்சல்டிங்காரர் முதல் தடவை "பார்க்கிறேன் சார்" என்றார், அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை.

சலான் போகட்டும். இந்த நான்கு மாதத்துக்குள் ஒருநாள் சிக்னல் பக்கத்தில் எக்ஸெல் மொபெட்டில் வந்த ஒருவரை லேசாக உரசிவிட்டேன். விழுந்து முழங்கால் சிராய்த்தது, ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம் என்றார், ஹேண்டில்பாருக்கும் மாத்திரைக்கும் பணம் கொடுத்து, நம்பரும் கொடுத்து அனுப்பினேன். அவர் நாளைக்கு கேஸ் போட்டால்? இன்னொன்று, அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக அவ்வப்போது ஆக்டிங் டிரைவர் (நாள் கூலிக்கு ஓட்டுபவர்) வருவார். அவரையும் இதில் மாட்டிவிட்டேனா?

கருப்பசாமி_ஓட்டுநர்:

2000 கட்டிட்டு வேலையைப் பாருங்க சார். பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுறான்.

மஞ்சள்போர்டு:

மேலே சொன்னதைக் கேட்காதீர்கள். முதல் வேலை, புது பாலிசி கைக்கு வரும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள், பால் வாங்கக்கூட. தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான கட்டாயக் காப்பு) மட்டும் என்றால் ஆன்லைனிலேயே போடலாம். உங்கள் ஸ்விஃப்ட் 1000-க்கும் 1500 சிசிக்கும் நடுவில் வரும், அதற்கு 2022-இல் நிர்ணயித்த ஆண்டு பிரீமியம் 3,416 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. அதோடு வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பையும் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டிய நிமிஷமே தொடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம், பாலிசியில் தொடங்கும் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு சாவியை எடுங்கள். முழுக் காப்பீடு வேண்டும் என்றால் இடைவெளி விழுந்ததால் வண்டியைச் சோதிப்பார்கள், இப்போது பெரும்பாலும் போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.

யாராவது பழைய தேதி போட்டு பாலிசி எடுத்துத் தருகிறேன் என்று வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது மோசடி, வேறு கேஸ் ஆகிவிடும்.

வக்கீல்_திண்டுக்கல்:

சட்டம் என்ன சொல்கிறது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவுப்படி இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டவும் கூடாது, பிறரை ஓட்டவிடவும் கூடாது. 196-வது பிரிவில் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் அபராதம் 4,000. நடைமுறையில் யாரையும் இதற்காக மட்டும் உள்ளே போடுவதில்லை, சலானோடு முடிகிறது. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று வண்டி உரிமையாளர் சொல்லித் தப்ப இந்தப் பிரிவில் வழியில்லை. அந்தச் சலுகை ஒரே ஒருவருக்குத்தான்: சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர். பாலிசி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தாலோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தாலோ தவிர அவர் குற்றம் செய்தவராக மாட்டார் என்று 146-லேயே விளக்கம் இருக்கிறது. அதனால் இந்தக் குற்றத்தைப் பொறுத்தவரை உங்கள் ஆக்டிங் டிரைவர் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் அவர் ஓட்டும்போது விபத்து நடந்திருந்தால் இழப்பீட்டு வழக்கில் அவர் பெயரும் சேர்ந்திருக்கும், பணம் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கும்.

உண்மையான ஆபத்து சலானில் இல்லை, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான். ஒருவர் இறந்தாலோ கை கால் போனாலோ தேர்ட் பார்ட்டி பாலிசியில் தொகைக்கு உச்சவரம்பே கிடையாது, கம்பெனி கட்டும். பாலிசி இல்லையென்றால் அந்தத் தொகை முழுக்க உங்களுடையது. பாலிசி இருந்து அதில் நிபந்தனை மீறல் என்றாலாவது, கம்பெனி முதலில் கட்டிவிட்டுப் பிறகு உங்களிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிடுவதுண்டு. பாலிசியே இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. கட்டாவிட்டால் 174-வது பிரிவில் கலெக்டருக்குச் சான்று போகும், நிலவரி பாக்கியைப் போல வசூல் செய்வார்கள், அதாவது வீடு நிலம் வரை வரும். உயிரிழப்போ காயமோ ஏற்படுத்திய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால், இழப்பீட்டுக்குப் போதுமான பிணை கொடுக்காமல் வண்டியை விடுவிக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குப் பிறகு ஏலம் விடலாம் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எக்ஸெல்காரர் விஷயம். காயம் என்றால் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது 134-வது பிரிவு, அது நடக்கவில்லை. இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, அந்தக் கெடுவை எதிர்த்தே உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதால் அதை நம்பி உட்கார வேண்டாம். சிராய்ப்பு மட்டும் என்றால் வழக்கு வர வாய்ப்பு குறைவு. போன் செய்து நலம் விசாரியுங்கள், கொடுத்த பணத்துக்கு ஆதாரம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எடுக்கும் பாலிசி அந்த நாளுக்குச் செல்லாது.

பொள்ளாச்சி_ஏஜென்ட்:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். கொட்டேஷனை அனுப்பி பாலிசி என்று சொல்வது புதிதல்ல. பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது, இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவு அதைத்தான் சொல்கிறது. நீங்கள் கன்சல்டிங்காரர் கணக்கில் போட்டது கம்பெனிக்குக் கட்டியது ஆகாது. பிடிஎஃப்பில் பாலிசி எண் இருக்கிறதா, காப்பீட்டுக் காலம் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று இருக்கிறதா, அதைப் பாருங்கள். வெறும் கொட்டேஷன் எண் இருந்தால் அது விலைச்சீட்டு, அவ்வளவுதான். எஞ்சின், சேஸிஸ் எண்களையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பர் போட்டால் இன்சூரன்ஸ் தேதி தெரியும். புது பாலிசி அதில் ஏற சில நாள் பிடிக்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம், பாலிசி எண்ணை வைத்து கம்பெனியிடமே கேட்டுவிடலாம்.

இன்னொரு குழப்பமும் நிறையப் பேருக்கு உண்டு. 2018 செப்டம்பருக்குப் பிறகு வந்த புது கார்களுக்கு தேர்ட் பார்ட்டி மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே போடுவார்கள், ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான காப்பு) பெரும்பாலும் ஒரு வருஷம்தான். ஒரே தாளில் இரண்டு தேதி இருக்கும். பெரிய தேதியைப் பார்த்துவிட்டு வண்டி அடிபட்டால் கிளெய்ம் வரும் என்று வந்து நிற்பார்கள், என்ன பதில் சொல்வது? என்சிபி (கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) பற்றியும் யாராவது ஆசை காட்டியிருந்தால், அது பழைய ஓனரோடு போய்விட்டது, உங்களுக்குப் பூஜ்யத்திலிருந்துதான்.

சூலூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுவிட்டேன், நாளை நள்ளிரவில் தொடங்குகிறது, ஓன் டேமேஜுக்கு வேறு இடத்தில் விசாரிக்கிறேன். எக்ஸெல்காரரிடம் பேசினேன். "அதுக்கென்ன சாமி, அன்னிக்கே ஆறிப்போச்சு" என்கிறார். பிடிஎஃப்பில் நீங்கள் சொன்னது போலவே பாலிசி எண் இல்லை. கன்சல்டிங்காரருக்கு ஜிபே ரசீதையும் சலானையும் சேர்த்து அனுப்பினேன், உடனே கூப்பிட்டார்! பணத்தைத் திருப்பித் தருகிறாராம், கூகுளில் நான் போட்ட ஒற்றை நட்சத்திரத்தை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம்.

வக்கீல்_திண்டுக்கல்:

முதலில் பணம் வரட்டும். 2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும், அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், குரல் இன்னும் மாறும். தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். தருவதாக இருந்தால் பிரீமியத்தோடு சலான் 2,000-ஐயும் சேர்த்துக் கேளுங்கள், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.