கிரிஸ்டல் வயலட் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது: ப்ரோனேஸ் இல்லாமல் சளியை எப்படி எடுப்பது?

வணக்கம். திருகோணமலையில் எண்டோஸ்கோபி பிரிவிலிருந்து கேட்கிறேன். பெருங்குடல் பாலிப்பை (உட்சுவரில் வளரும் கட்டி) ஜூம் பண்ணி அதன் மேற்பரப்பின் நுண்குழி அமைப்பைப் பார்க்கும்போது கிரிஸ்டல் வயலட் சாயம் சீராகப் பிடிப்பதில்லை. சளியைக் கரைக்கும் நொதியான ப்ரோனேஸ் கையிருப்பு சித்திரையில் முடிந்த பிறகுதான் இந்தச் சிக்கல்.

கருவி ஒலிம்பஸ் பிசிஎஃப்-எச்290இசட், நுனியில் கறுப்பு ஹூட் (மூடி). என்பிஐயில் (இரத்தக் குழாய்களை எடுத்துக்காட்டும் குறுகிய அலைவரிசை ஒளி) நுண்குழாய்கள் கூர்மையாகத் தெரிகின்றன, ஆகவே லென்ஸில் பிழையில்லை. 0.05% சாயத்தை மழுங்கிய குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துக் கழுவுகிறோம். சளி ஒட்டிய இடம் ஊதா அப்பலாக நிற்கிறது, பக்கத்திலேயே வெளிறிய திட்டு, குழியின் விளிம்பே தெரியாது. ரெக்டத்தில் உள்ள பெரிய தட்டைப் பாலிப்புகளில் மிக மோசம்.

சிமெத்திகோன் கலந்த இளஞ்சூட்டு நீர் நுரையை மட்டுமே போக்கியது. ஜெட்டைக் கூட்டினால் இரத்தம் கசிந்து சாயம் வீணாகிறது. புதிதாகக் கரைத்து வடிகட்டியும் அதே கதி. கூடுதல் நேரம் விட்டால் எல்லாமே இருண்டுவிடுகிறது.

விஐ (ஒழுங்கற்ற குழிகள்), விஎன் (குழி அமைப்பே அழிந்த நிலை) என்ற இரண்டு குழி வகைகளையும் பிரிக்க முடியாவிட்டால் எண்டோஸ்கோப்பால் எடுப்பதா, சத்திரசிகிச்சைக்கு அனுப்புவதா என்ற முடிவே தடுமாறும். சளிக்காக ஒருவர் குடலை இழக்கக் கூடாது.

ப்ரோனேஸுக்குப் பதிலாகச் சளியை இளக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீனைப் பெருங்குடலில் பயன்படுத்துபவர்கள் என்ன செறிவில், எவ்வளவு நேரம் விட்டுக் கழுவுகிறீர்கள்?